பழவேற்காடு முதல் தேரூர் வரை

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறுகிறது. 1967இல் தொடங்கிய பன்னாட்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் ஓர் அங்கமாக 1987இல் இந்தியத் துணைக்கண்டத்தில் அது காலூன்றியது. கணக்கெடுப்பவர்களுக்குச் சம்பளம் இல்லை. பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற பொறியாளர் என்று பலரும் ஜனவரியின் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் விடியும் முன்பே ஏரிக்கரையில் வந்து நிற்கிறார்கள். வடக்கே உறைபனியிலிருந்து கிளம்பும் பறவைகள் ஆகஸ்டு முதல் வரத் தொடங்கி, மார்ச், ஏப்ரலில் திரும்புகின்றன. இடைப்பட்ட ஜனவரியில் பெரும்பாலானவை தங்கிய இடத்திலேயே இரை தேடிக்கொண்டிருக்கும். நகரும் கூட்டத்தைவிட நிலைத்த கூட்டத்தை எண்ணுவது எளிது என்பதால்தான் இந்த மாதம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இதே பருவத்தில் இன்னொரு கணக்கும் எடுக்கப்படுகிறது. பொங்கல் விடுமுறை நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015இல் தொடங்கியது. நீர்ப்பறவை மட்டும் என்ற வரையறை அதற்கு இல்லை. கொல்லைப்புறத்துத் தவிட்டுக்குருவியும் மின்கம்பியில் உட்கார்ந்த கரிச்சானும் அதில் சேரும். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டதையும் கேட்டதையும் இனம்வாரியாக எண்ணி, ‘இ-பேர்டு’ செயலியில் பதிந்தால் ஒரு பட்டியல் முடிந்தது. இந்த இரண்டு கணக்குகளும் எப்படி எடுக்கப்படுகின்றன, எங்கே பிசகுகின்றன என்பதைத் தமிழகக் கடற்கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காகப் போகும் ஒரு பயணம் நன்றாகவே காட்டிவிடும்.

அந்தப் பயணம் பழவேற்காட்டில் தொடங்குவது பொருத்தம். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்முனை தமிழ்நாட்டில். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதரும்தான் மிச்சம். எலும்புக்கூடு செதுக்கிய வாயில்தூண்களோடு அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. ஏரியில் மீன்பிடி இன்றும் ‘பாடு’ முறைப்படி நடக்கிறது. எந்த ஊரார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை மீனவர்களே முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. பறவை எண்ண வருபவர்கள் இந்த மீனவர்களின் படகில்தான் போக வேண்டும். எந்தத் திட்டில் எந்த நேரத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பூநாரைகள் நிற்பதும் அங்கேதான்.

பூநாரை எண்ணுவதற்கு வசதியான பறவை. உயரமானது, வெளிர்நிறம், ஆழமில்லாத நீரில் தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றை அலசியபடி ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கும். ஆனாலும் ஆயிரக்கணக்கில் கூடி நிற்கும்போது தலை தலையாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கண்ணில் பதித்துக்கொள்கிறார்கள். அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வரிசையாக வைத்துக்கொண்டே போகிறார்கள். கூட்டம் பெரிதானால் நூறு நூறாக. ஒரே கூட்டத்தை இருவர் தனித்தனியே எண்ணி, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு. புதியவர்கள் பெருங்கூட்டத்தை எப்போதும் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்பது பழகியவர்கள் அனுபவத்தில் கண்டது. ஏரி இரண்டு மாநிலங்களில் கிடப்பதால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இருபுறத்தாரும் ஒரே நாளில் எண்ணாவிட்டால், காலையில் அங்கே கணக்கில் ஏறிய கூட்டம் மறுநாள் இங்கேயும் ஏறிவிடும்.

சென்னைக்குள் நுழைந்ததும் காட்சி மாறுகிறது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் கணக்கெடுப்பவர்கள் நிற்குமிடம் பெரும்பாலும் சாலையோரம்தான். முதுகுக்குப் பின்னால் லாரிகள், ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, மறுபக்கம் மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். எதிரே கோரைப்புல்லுக்கு நடுவே நீலத் தாழைக்கோழியும், இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியும், மேலே வட்டமிடும் சேற்றுப் பூனைப்பருந்தும். முன்பு பல ஆயிரம் ஏக்கர் பரந்திருந்த இந்தச் சதுப்பில் எஞ்சிய பகுதி 2022இல் ராம்சர் தளமானது. அப்படி ஆவதற்குப் பறவைக் கணக்கும் ஒரு சான்று. ஈரநிலங்களைக் காப்பதற்கான 1971ஆம் ஆண்டின் ராம்சர் உடன்படிக்கையின் அளவுகோல்களில் இரண்டு நேரடியாக எண்ணிக்கையைப் பற்றியவை: ஒரு நீர்நிலை வழக்கமாக இருபதாயிரம் நீர்ப்பறவைகளுக்கு இடம் தந்தாலோ, ஒரு நீர்ப்பறவை இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்குக்கு இடம் தந்தாலோ அது பன்னாட்டு முக்கியத்துவம் பெறும். மொத்தத் தொகை தெரியாமல் நூற்றில் ஒன்று எவ்வளவு என்று சொல்ல முடியாது. அந்தத் தொகையைத் திரட்டுவது பல நாடுகளில் ஜனவரியில் ஏரிக்கரையில் நிற்பவர்களின் குறிப்பேடுகள்தாம்.

அடுத்து வேடந்தாங்கல். ஏறத்தாழ முப்பது ஹெக்டேர் பரப்புள்ள ஓர் ஊர் ஏரி இவ்வளவு புகழ் பெற்றதற்குக் காரணம், அதைக் காத்தவர்கள் அரசுக்கு முன்பே ஊர்க்காரர்களாக இருந்ததுதான். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, செங்கல்பட்டுப் பகுதியின் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் பறவைகளைக் காக்க அவர்களுக்கு உரிமை தரும் கவுல் எழுதிக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. அந்தக் கவுலுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, துப்பாக்கியை இறக்கிவைக்கும் இன்னொரு முயற்சி அமெரிக்காவில் நடந்தது. அங்கே கிறிஸ்துமஸ் நாளில் இரண்டு அணியாகப் பிரிந்து, யார் அதிகம் சுட்டுக் குவிக்கிறார்கள் என்று போட்டி போடும் வழக்கம் இருந்தது. பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் 1900இல், சுடுவதற்குப் பதில் எண்ணலாமே என்றார். அந்த டிசம்பர் 25 அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். இன்றுவரை தொடரும் அந்தக் கிறிஸ்துமஸ் கணக்கெடுப்புதான் பொதுமக்கள் கூடி எடுக்கும் பறவைக் கணக்குகளுக்கெல்லாம் மூத்தது.

வேடந்தாங்கலைப் பற்றி நாளிதழ்களில் ஆண்டுதோறும் வரும் ஒரு பிழையைத் திருத்தாமல் நகர முடியாது. நீர்க்கடம்ப மரங்களில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் ஆகியவற்றை வெளிநாட்டு விருந்தாளிகள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சைபீரியாவிலிருந்து பிள்ளைபெற வருகின்றன என்று குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. கூடுகட்டும் இந்தப் பறவைகள் இந்தத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவை. மழைக்கும் இரைக்கும் ஏற்ப இங்கேயே இடம் மாறுபவை. உண்மையாகவே தொலைவிலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தட்டைவாயனும் இங்கே கூடு கட்டுவதில்லை. ஏரியின் நடுவில் மிதந்து, மேய்ந்து, கோடைக்கு முன் கிளம்பிவிடும். கணக்கெடுப்பில் இந்த வேறுபாடு முக்கியம். கூட்டில் அடைகாக்கும் தாய் இலைமறைவில் இருக்கும், இணை இரைதேடப் போயிருக்கும். ஆகவே கூடுகட்டும் மரத்தில் தலைகளை எண்ணுவதைவிடக் கூடுகளை எண்ணுவதே நம்பகமானது. நீரில் மிதக்கும் வாத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

வேடந்தாங்கலுக்குப் பக்கத்திலேயே உள்ள கரிக்கிலியில் மரங்கள் குறைவு, திறந்த நீர் அதிகம். அதனால் அங்கே வாத்துகள் மிகுதி. அருகருகே இருக்கும் இந்த இரண்டு ஏரிகளையும் ஒரே காலையில் இரண்டு குழுக்கள் எண்ண வேண்டும் என்பது விதி. மரக்காணத்துக்கு அருகே கழுவேலி ஏரி உப்பும் நன்னீரும் கலந்து விரிந்து கிடக்கிறது. 2021இல் பறவைகள் சரணாலயமான அது 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. கழுவேலியின் கரையில் எங்கே நின்று பார்த்தாலும் பறவைகள் தொலைவில் புள்ளிகளாகத்தான் தெரிகின்றன. முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி இல்லாமல் போனால் உள்ளான்களைப் பிரித்தறிவது நடக்காது. அப்போது என்ன செய்வது? இனம் தெரியாத உள்ளான் இத்தனை என்று எழுதிவிடுவதே சரி. ஊகித்து ஒரு பெயரைப் போடுவது குறிப்பேட்டைக் கெடுக்கும். ஆர்வம் மிகுந்த புதியவர்களுக்கு அனுபவசாலிகள் முதலில் சொல்லித்தருவதும் இதையே.

காவிரிப் படுகையில் பறவைகளின் கணக்கு மேட்டூர் அணையின் கணக்கோடு பின்னிக்கிடக்கிறது. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி ஆகிய ஏரிகள் ஆற்றுநீர் பாயும் பாசன ஏரிகள். அணை திறந்து, மழையும் பெய்து, எல்லா ஏரியும் ததும்பும் ஆண்டில் சரணாலயத்தில் பறவை குறைவாகத் தெரியும். சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான குட்டைகளிலும் வயல்களிலும் அவை பரவிப்போயிருக்கும். ஆழம் கூடினால், நின்று மேயும் உள்ளான்களுக்குக் கால் எட்டாது. மழை குறைந்த ஆண்டிலோ நீர் எஞ்சிய ஓரிரு ஏரிகளில் எல்லாம் வந்து குவிய, எண்ணிக்கை எகிறும். ஓர் ஆண்டின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பறவைகள் பெருகின என்றோ அழிந்தன என்றோ எழுதும் செய்திகள் இதனால்தான் பெரும்பாலும் பொய்த்துப்போகின்றன. பத்து, இருபது ஆண்டு எண்களை மழையளவோடு சேர்த்துப் படித்தால் மட்டுமே ஏதாவது சொல்ல முடியும்.

கோடியக்கரை இந்தப் பயணத்தின் நடுநாயகம். வங்கக்கடல் பாக்குநீரிணையாகத் திரும்பும் முனையில் உலர்காடு, உப்பளம், வேதாரண்யம் பெருஞ்சதுப்பு என்று மூன்று நிலங்கள் ஒட்டிக் கிடக்கின்றன. காட்டில் உலக்கைப்பாலை மரங்களும் வெளிமான்களும். கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கத்தின் செங்கல் எச்சம் 2004 ஆழிப்பேரலையில் போய்விட்டது. 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பெடுத்ததும் இந்த வேதாரண்யக் கரையில்தான். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரை, 2002இல் தமிழகத்தின் முதல் ராம்சர் தளமானது. அடுத்த தளங்கள் வருவதற்கு இருபது ஆண்டுகள் ஆயின.

இங்கே எண்ணுவதோடு இன்னொரு வேலையும் சேர்ந்தே நடந்திருக்கிறது. மும்பையின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், பறவையியலாளர் சாலிம் அலியின் காலத்திலிருந்து, பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவிக்கும் ஆய்வை இங்கே நடத்தியது. பறவைப் பிடிப்பைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட பிகாரின் மீர்ஷிகார்கள் அதற்கு உதவினார்கள். காயம்படாமல் பிடிக்கும் கைப்பழக்கம் அவர்களிடம்தான் இருந்தது. பிடித்த பறவையின் இறக்கை நீளத்தையும் எடையையும் குறித்துக்கொண்டு, பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்று பொறித்த உலோக வளையத்தை மாட்டுவார்கள். கொசு உள்ளானின் எடை முப்பது கிராமைத் தாண்டுவதே அரிது. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியத் தூந்திரத்தில் பிறந்து, இந்தச் சேற்றுக்கு வந்து, திரும்பிப் போய், மறுபடியும் இதே சேற்றுக்கு வரும் பறவை அது. ஒரே பறவை அதே கரைக்குத் திரும்புவதை வளையங்கள்தான் நிரூபித்தன. எண்ணிக்கை எத்தனை என்று சொல்லும், வளையம் எங்கிருந்து என்று சொல்லும். இரண்டும் சேர்ந்தபிறகே மத்திய ஆசிய வலசைப் பாதை என்று இன்று வரைபடத்தில் காட்டப்படும் வழி தெளிவானது.

சதுப்பில் உள்ளான்களை எண்ணுவது கூழைக்கடாவை எண்ணுவது போன்றதன்று. கொசு உள்ளானும் அதன் உறவுகளும் ஆயிரக்கணக்கில், ஒன்றுபோலச் சாம்பல் பூத்த நிறத்தில், ஓடிக்கொண்டே கொத்திக்கொண்டிருக்கும். பருந்தின் நிழல் விழுந்தால் மொத்தமும் எழும்பி, ஒரே உடலாகத் திரும்பி, வேறிடத்தில் இறங்கும். எண்ணியது வீண், மறுபடி முதலிலிருந்து. இந்தக் கரையில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலும், நீரேறும் வேளையில் மேயும் திட்டுகள் மூழ்கிவிடப் பறவைகள் மேடான இடங்களில் நெருங்கி ஒதுங்கும். அந்த இடைவேளைதான் எண்ணுபவருக்கு வாய்ப்பு. 1980களில் இங்கே லட்சக்கணக்கில் பதிவான நீர்ப்பறவைகள் பிறகு வெகுவாகக் குறைந்தன. சதுப்புக்கு வரும் நன்னீர் குறைந்து உப்பு கூடியதும், உப்பளங்கள் விரிந்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. குறைந்தது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவதே, பறவைகள் நிறைந்திருந்த காலத்திலும் சலிக்காமல் எண்ணி வைத்தவர்களால்தான்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்கள் வேறொரு பாடம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் எல்லாம் வானத்தை நம்பிய கண்மாய்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் ஜனவரியில் தரை வெடித்துக் கிடக்கும். கருவேல மரங்களில் பழைய கூடுகளின் சுள்ளிகள் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட ஆண்டிலும் கணக்கெடுப்பவர் வர வேண்டும், கரையில் நடக்க வேண்டும், பூஜ்யம் என்று எழுத வேண்டும். பறவை இல்லாத இடத்துக்குப் போவானேன் என்று அந்த ஆண்டை விட்டுவிட்டால், ஏட்டில் நல்ல ஆண்டுகள் மட்டும் நிற்கும். பிறகு படிப்பவருக்கு அந்தக் கண்மாய் என்றுமே நிறைந்திருந்ததாகத் தோன்றும். இந்தத் தொண்டில் மிகக் கடினமான பகுதி இந்தப் பூஜ்யம்தான். புகைப்படமும் கிடைக்காது, சொல்லிக்கொள்ளக் கதையும் கிடைக்காது.

தனுஷ்கோடியில் நிலம் முடிகிறது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊரின் சுவர்களைத் தாண்டிப் போனால் இருபுறமும் கடல், நடுவே ஆழமற்ற நீர்த்தேக்கங்கள். குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் நிற்கின்றன. கடற்காகங்களும் ஆலாக்களும் மணல்திட்டில் காற்றை எதிர்நோக்கி வரிசையாக உட்கார்ந்திருக்கும். 2025இல் இந்தப் பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கடலுக்கு அப்பால் மன்னாரிலும் வங்காலையிலும் இலங்கையின் தன்னார்வலர்களும் இதே ஜனவரியில் எண்ணுகிறார்கள். இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்காமல் பாக்குநீரிணைப் பூநாரைகளைப் பற்றி எதையும் முடிவாகச் சொல்வது அவசரம்.

தாமிரபரணிப் பாசனக் குளங்கள் இந்தக் கணக்கெடுப்பு முறையாக வேரூன்றிய இடங்களுள் ஒன்று. ‘ஏட்ரீ’ நிறுவனத்தின் மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பகுதிக் குளங்களைக் குழு குழுவாகப் பிரித்துக்கொண்டு, முதல்நாள் பயிற்சி, அடுத்து எண்ணிக்கை என்று ஒரே வார இறுதியில் முடிக்கிறார்கள். ஊர் நடுவே கிடக்கும் நயினார்குளமும், ராஜவல்லிபுரமும், விஜயநாராயணத்துப் பெரியகுளமும் அதில் உண்டு. இவற்றில் பல சரணாலயம் அல்ல. சலவை, மாடு குளிப்பாட்டல், தாமரைக் குத்தகை, மீன் குத்தகை எல்லாம் நடக்கும் குளங்கள். அங்கேதான் நாமக்கோழியும் முக்குளிப்பானும் மீசை ஆலாவும் கணிசமாக இருக்கின்றன. மாலையானால் சோளப்பட்சிகள் பெருங்கூட்டமாகத் திரும்பி நாணலிலும் மரத்திலும் அடைகின்றன.

கூந்தன்குளத்தில் பறவைக்கும் வீட்டுக்கும் இடைவெளி இல்லை. தெருவோர மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும், கீழே வாசலில் கோலம் போடுவார்கள். தீபாவளிக்கு ஊரில் வெடி வெடிப்பதில்லை. விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பது இங்கே புதிதன்று. 1994இல் சரணாலயமான இந்தக் குளத்துக்கு இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகளும் வருகின்றன. அவை பகலில் குளத்தில் ஓய்வெடுத்து, இருட்டியதும் வயல்களுக்கு மேயப் போகும். நேரம் கழித்து வரும் குழுவுக்கு இதனால் நட்டமில்லை. மற்றக் குளங்களில் வெயில் ஏறினால் கானல் அலைந்து தொலைநோக்கியில் உருவம் கலங்கிவிடும்.

கடைசியாக நாஞ்சில் நாடு. கவிமணி பிறந்த தேரூரின் குளமும் சுசீந்திரம் குளமும் நெடுஞ்சாலையை ஒட்டியே கிடக்கின்றன. பேருந்து சன்னலிலிருந்தே கூழைக்கடாவைப் பார்த்துவிடலாம். 2022இல் இவையும் ராம்சர் தளமாயின. இதற்குத் தெற்கே சில கிலோமீட்டரில் நிலம் முடிந்துவிடுகிறது.

இப்படி எழுதிவைத்த பட்டியல்கள் எங்கே போகின்றன என்ற கேள்விக்கு விடை 2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கையில் இருக்கிறது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த மூன்று கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை அது மதிப்பிட்டது. அவற்றில் 178 இனங்கள் உடனடிக் கவனம் தேவைப்படுபவை என்று வகைப்படுத்தப்பட்டன. இவ்வளவு பரந்த நிலப்பரப்பில் சம்பள ஆட்களை மட்டும் வைத்து இப்படி ஒரு கணக்கை எடுக்க எந்தத் துறையாலும் முடியாது. ஆனால் அந்தக் கோடிக்கணக்கான பதிவுகளில் ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் பட்டியல்கள் குவிகின்றன. தமிழ்நாட்டில் இருப்பதாகச் சொல்லப்படும் ஏறத்தாழ முப்பத்தொன்பதாயிரம் ஏரி, குளம், கண்மாய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பட்டியல்கூட இல்லை. வரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் காலையில் பதினைந்து நிமிடம் தங்கள் ஊர்க் குளத்தங்கரையில் நின்று, தெரிந்த பறவைகளை எண்ணி எழுதி, அடுத்த பொங்கலுக்கும் அதே இடத்தில் நின்று எண்ண வேண்டும்.